பிரித்துச் சேர்க்கும் பொங்கல்

ஆலங்காயத்தில் உரக்கடைக்கு மேல்மாடியில் 'பூபாலன் அண்டு டாட்டர்' என்றொரு வழக்கறிஞர் நிறுவனம் இருக்கிறது. படி ஏறும்போது உர நெடி மூக்கைத் துளைக்கும். மேலே போய் அரைமணி நேரம் உட்கார்ந்தால் அது சட்டத்தின் வாசனைதான் என்று பழகிவிடும். நிறுவனத்தின் தலைவர் பூபாலனுக்கு முப்பத்தொரு வருட அனுபவம். அவர் முடித்த வழக்குகளைவிட, வழக்கு முடிவதற்குள் ஆயுள் முடிந்த கட்சிக்காரர்கள்தான் அதிகம் என்று ஊரில் பேசிக்கொள்வார்கள். எண்ணிப் பார்த்து மறுத்தவர் யாரும் இல்லை.

பூபாலன் சென்னையில் ஒரு கருத்தரங்குக்குப் போய் வந்தார். பெரிய பெரிய சட்ட நிறுவனங்கள் விடுமுறை நாட்களில் சும்மா இருப்பதில்லை, இரண்டு காரியங்கள் செய்கின்றன என்று அங்கே சொன்னார்களாம். ஒன்று சமூக ஈடுபாடு, இன்னொன்று குடும்ப நலம். திரும்பி வந்ததும் அலுவலகத்தைக் கூட்டினார். அலுவலகம் என்றால் அவருடைய மகள் சரிதாவும் ஜூனியர் ரஞ்சித்தும்தான். சரிதா சட்டம் படித்து ஐந்து வருடம் ஆகிறது. பெயர்ப்பலகையில் இருக்கிறாளே தவிர, நீதிமன்றத்தில் அப்பா இதுவரை அவளை ஒரு வாக்கியம்கூடப் பேச விட்டதில்லை.

"நம்மகிட்ட குடும்ப நலம் இருக்குதா?" என்று பூபாலன் கேட்டார்.

ரஞ்சித்துக்குக் கல்யாணமாகி நாலு மாதம். வரப்போவது தலைப்பொங்கல். வாணியம்பாடியில் மாமனார் வேட்டி எடுத்து வைத்துக் காத்திருந்தார். கடவுளே வாய்ப்புக் கொடுத்துவிட்டார் என்று நினைத்து அவன், "சார், பொங்கலுக்கு நாலு நாள் லீவு குடுத்தீங்கன்னா குடும்பத்தோட..." என்று இழுத்தான்.

பூபாலன் நெகிழ்ந்துபோனார். "இந்த உணர்வுதான்யா வேணும். குடும்ப நலப் பிரிவுக்கு உன்னையே பொறுப்பாளரா போடறேன். பொங்கல் நாலு நாளும் உனக்கு மலையில வேலை."

திட்டம் எளிமையானது. காணும் பொங்கலன்று, நெல்லிவாசல் நாடு என்று சொல்லும் மலையூர் வட்டாரத்தில் ஒரு மேடை போடுவது, பிரிந்து வாழும் ஒரு மலைத் தம்பதியை அதில் ஏற்றி, மாலை மாற்றி, சேர்த்து வைப்பது, படம் எடுப்பது. 'உங்கள் குடும்பம் எங்கள் குடும்பம்' என்று இருபதடி ஃபிளெக்ஸ் முதலிலேயே அடித்தாகிவிட்டது. ஜோடிதான் பாக்கி.

ரஞ்சித் மூன்று நாள் மலையெல்லாம் அலைந்தான். பிரிந்த ஜோடி அகப்படவில்லை. காலையில் சண்டை போட்டவர்கள் மதியம் ஒரே கொல்லையில் சேர்ந்து களை பறித்தார்கள். கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போனவள் ஒருத்தி இருக்கிறாள் என்று கேள்விப்பட்டு, ஏழு கிலோமீட்டர் நடந்து போனான். அதற்குள் அவள் வேறு தடத்தில் புருஷன் வீட்டுக்குத் திரும்பியிருந்தாள். ஒரு நிறுவனத்தின் வசதியைப் பற்றி இந்த மக்களுக்கு அக்கறையே கிடையாது.

அந்த நேரத்தில்தான் வேடியப்பன் தானாகவே படியேறி வந்தார்.

வேடியப்பனுக்கு நெல்லிவாசல் நாட்டில் இரண்டரை ஏக்கர் கொல்லை. சாமை போடுவார், ஓரத்தில் நாலு புளியமரம். அப்பா காலத்திலிருந்து உழுகிற நிலம்தான், ஆனால் காகிதத்தில் அது காடு. வன உரிமைப் பட்டா கேட்டு எழுதிக்கொடுத்துப் பன்னிரண்டு வருடம் ஆயிற்று. இப்போது பட்டியலில் பெயர் வந்துவிட்டது. தை மாதம் பத்தாம் தேதி பட்டா கொடுக்கப்போகிறார்கள். அந்தப் பட்டா புருஷன் பெண்டாட்டி இரண்டு பேர் பெயரிலும் சேர்த்துத்தான் வரும். ரேஷன் கார்டில் மனைவி தேவயானியின் பெயர் விட்டுப்போயிருந்ததால், இருவரும் கணவன் மனைவி என்று வக்கீல் கையெழுத்தோடு ஒரு காகிதம் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். மொத்தம் இரண்டு வரி. அதற்காகத்தான் அவர் ஜீப்பில் தொற்றிக்கொண்டு மலை இறங்கி வந்திருந்தார்.

ரஞ்சித் அவர் கொண்டுவந்த ஜோடிப் படத்தைப் பார்த்தான்.

"வூட்ல சண்டை எதுனா உண்டா?"

"இன்னா சார் இப்படிக் கேக்கறீங்க? சண்டை இல்லாத வூடு கீதா? போன மாசம் அவளக் கேக்காம எருதை எங்க அக்கா வூட்டுக்கு ஓட்டி வுட்டேன். நாலு நாளு பேசல."

ரஞ்சித் எழுந்தே நின்றுவிட்டான். "நாலு நாளா?"

"எருது திரும்பி வந்துச்சி, பேச்சும் வந்துச்சி."

இரண்டாவது பாதியை ரஞ்சித் குறிப்பெடுக்கவில்லை.

மறுநாளே காகிதக் கட்டோடு மலையேறினான். பிரிந்த மாதிரி ஒரு மனு, அதற்கு ஒரு நம்பர், காணும் பொங்கலன்று மேடையில் சேர்ந்த மாதிரி ஒரு நிகழ்ச்சி, அன்றைக்கே வாபஸ். இரண்டு வரிக் காகிதத்தில் அய்யா மேடையிலேயே கையெழுத்துப் போட்டுத் தந்துவிடுவார். இவ்வளவுதான் என்று விளக்கினான்.

"ரெண்டு வரிக்கு எதுக்கு சார் பதினாலு பக்கம்?" என்று தேவயானி கேட்டாள்.

"சட்டம்மா. எடம் வுட்டு வுட்டுத்தான் எழுதுவாங்க."

ஊர்ப் பெரியவர் துரைக்கண்ணு அங்கேதான் வெற்றிலை மென்றுகொண்டு நின்றார். "எங்க நாட்ல புருஷன் பொண்டாட்டி பிரியறதுன்னா நான் ஒக்காரணும், ரெண்டு வூட்டுப் பங்காளிங்க ஒக்காரணும், அப்புறம்தான் பேச்சு. இதுல கோர்ட்டு எங்கேர்ந்து வந்துச்சி?"

"பெரியவரே, இந்தியா பூரா ஒரே சட்டம்" என்றான் ரஞ்சித்.

துரைக்கண்ணு பக்கத்திலிருந்த ஊணாங்கொடிப் புதரில் துப்பினார். அது பதிலா, வெற்றிலைச் சாறா என்று ரஞ்சித் யோசிக்கவில்லை. பட்டா வந்தால் போதும் என்று புருஷனும் பெண்டாட்டியும் பதினாலு பக்கத்திலும் கைநாட்டும் கையெழுத்துமாகப் போட்டுக் கொடுத்தார்கள்.

பொங்கல் விடுமுறைக்கு முந்தைய வேலைநாளில் மனு தாக்கலாயிற்று. அதில் எருது மேன்மை அடைந்திருந்தது. 'எதிர்மனுதாரராகிய மனைவி, ஒரு காளையை முன்னிட்டு, தாம்பத்திய உரையாடலை நான்கு நாட்கள் முற்றிலும் துண்டித்து, மனுதாரருக்கு ஆற்றொணாத மனவேதனை விளைவித்தார்.' எதிர்த்தரப்புக்கும் ஒரு வக்கீல் வேண்டுமே என்று பூபாலன் தன் மகளையே தேவயானிக்கு நியமித்தார். ஒரே நிறுவனம் இரண்டு பக்கமும் நிற்கலாமா என்று ரஞ்சித் மெதுவாகக் கேட்டான். "அதான்யா குடும்ப நலம்" என்றார் பூபாலன்.

சரிதாவுக்கு இதுதான் முதல் கட்சிக்காரர். சும்மா விடுவாளா? பதிலறிக்கை இருபத்திரண்டு பக்கம் எழுதினாள். 'கூட்டு உழைப்பில் வாங்கிய எருதை மனுதாரர் தன்னிச்சையாக மூன்றாம் நபரிடம் ஒப்படைத்தார்.' அத்தோடு மலைக்கே வந்து தேவயானியிடம் சொன்னாள்: "கேஸ் நடக்கும்போது அவர வூட்டுக்குள்ள சேக்கக் கூடாது. சேத்தா மன்னிச்சிட்டதா அர்த்தம். கேஸ் போயிடும்."

"போனாப் போவட்டும் மேடம். அதானே வேணும்."

"கேஸ் போனா மேடை இல்ல. மேடை இல்லைன்னா காயிதம் இல்ல."

ஆக, பொங்கலுக்கு வேடியப்பன் கொல்லையில் காவல் பரணுக்குக் குடிபெயர்ந்தார். தேவயானி சோறு எடுத்துக்கொண்டு போவாள். வழியில் ரஞ்சித் தென்பட்டால் பத்தடி தள்ளிப் பாத்திரத்தை வைத்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். இதற்கு அவன் இரண்டு முறை ஒத்திகை பார்த்தான்.

"இன்னாமே, இருபத்தி ரெண்டு வருசத்துல நீ மொறைச்சி இவ்ளோ நேரம் நின்னதே இல்லியே" என்றார் வேடியப்பன்.

"பட்டா வர்ற வரிக்கும்தான்யா. மொறைப்ப வாங்கிக்கோ" என்றாள் தேவயானி.

காணும் பொங்கலன்று மூன்று ஜீப் வந்தது. பூபாலன் குடும்பம் ஒரே நிறத்தில் உடுத்தியிருந்தது. அவருடைய மனைவி ஜீப்பிலேயே உட்கார்ந்திருந்தார். குடும்பப் படம் எடுக்கும்போது இறங்கி, சிரித்து, மீண்டும் ஏறிக்கொண்டார். பள்ளிக்கூட மைதானத்தில் பெண்கள் அடுப்பு மூட்டிக் காத்திருந்து, நேரமாகிறதே என்று பானையை ஏற்றி, பால் பொங்கிக் குலவை போட்டும் முடித்திருந்தார்கள்.

"நான் இல்லாமப் பொங்கினது பதிவுல ஏறாது. மறுபடி பொங்க வைங்க" என்றார் பூபாலன்.

"பொங்கினது பொங்கிடுச்சிங்க சார். அத எப்படித் திரும்பப் பொங்க வைக்கறது?" என்றாள் அடுப்படியில் நின்ற ஒருத்தி.

மறுபடி பால் ஊற்றினார்கள். இரண்டாம் முறை அது பொங்கவில்லை, அடிப்பிடித்தது. படத்தில் தீய்ந்த வாசனை தெரியாது என்பதால் விழா தொடர்ந்தது.

பூபாலன் ஒலிபெருக்கியைப் பிடித்தார். "என் அன்பு மலை மக்களே! நான் என் குடும்பத்தோட ஒக்காந்து சாப்பிட்டது கடைசியா எப்போன்னு எனக்கே ஞாபகம் இல்லை. அந்த அளவுக்கு மத்தவங்க குடும்பத்துக்கு உழைச்சிருக்கேன். முப்பது வருசத்துக்கு முன்னாடி நான் இந்த மலைக்கு வந்தப்போ ஒரு வழக்குகூட இல்லாம இந்த நாடு இருண்டு கெடந்தது. அண்ணன் தம்பி ஒரே களத்துல கதிரடிச்சாங்க. பங்கு கேக்கணும்கிற விழிப்புணர்வே இல்லை. இன்னைக்கு? பதினேழு வழக்கு! எல்லாமே நம்ம நிறுவனம். இதுக்குப் பேருதான் சமூக ஈடுபாடு."

ரஞ்சித் கை தட்டினான். அவனுடைய சட்டைப் பையில் செல்பேசி அதிர்ந்துகொண்டே இருந்தது. வாணியம்பாடியிலிருந்து வந்த அழைப்பு அது.

வேடியப்பனையும் தேவயானியையும் மேடை ஏற்றினார்கள். ஒரு கேடயமும் தயாராக இருந்தது. 'இணைந்த இதயங்கள், சிறந்த குடும்பம்' என்று அதில் பொறித்திருந்தது. வேடியப்பன் கண் கேடயத்தில் இல்லை. மேசைமேல் பூபாலன் பேனாவுக்குக் கீழே மடித்து வைத்திருந்த இரண்டு வரிக் காகிதத்தில் இருந்தது. மாலையைக் கையில் எடுத்தார்.

"ஆட்சேபணை" என்றாள் சரிதா.

மைதானம் திரும்பிப் பார்த்தது. "என் கட்சிக்காரரோட நிபந்தனைகளைப் பதிவு பண்ணாம சமரசம் செல்லாது."

"நான் எதும் கேக்கலியே மேடம்" என்றாள் தேவயானி.

"நீங்க பேசக்கூடாது. உங்களுக்காகத்தான் நான் இருக்கேன்."

பூபாலன் ஒரு தகப்பனாக இருந்திருந்தால் சிரித்துவிட்டு விட்டிருப்பார். அவர் வக்கீல். மேடையிலேயே எழுந்து நின்று முப்பத்தொரு வருட அனுபவத்தையும் மகள்மேல் இறக்கினார். அவள் ஐந்து வருட மௌனத்தையும் சேர்த்துத் திருப்பிக் கொடுத்தாள். ஒன்றரை மணி நேரம் எருதைப் பற்றி விவாதம் நடந்தது. எருது மைதான ஓரத்தில் கழுத்தில் பொங்கல் மாலையோடு நின்று, பக்கத்தில் தொங்கிய தோரணத்து மாவிலையைத் தின்றது. யானைகள் சண்டையில் புல் நசுங்கும் என்பார்கள். இங்கே இரண்டு புல் மேடைமேல் மாலையோடு நின்றுகொண்டிருந்தன.

கடைசியில் பூபாலன் வியர்வையைத் துடைத்துக்கொண்டு அறிவித்தார்: "சமரசம் அடுத்த வாய்தாவுக்கு ஒத்திவைக்கப்படுகிறது."

"சார், அந்தக் காயிதம்..." என்றார் வேடியப்பன்.

"இப்போ நீங்க பிரிஞ்சிருக்கீங்க. பிரிஞ்சவங்களைப் புருஷன் பொண்டாட்டின்னு நான் எப்படிக் கையெழுத்துப் போட்றது? நான் பொய் சொல்ல மாட்டேன்யா." காகிதம் பையோடு ஜீப்பில் ஏறியது. கேடயத்தை மட்டும், யாருக்குச் சொந்தம் என்று முடிவாகும் வரை துரைக்கண்ணுவின் பாதுகாப்பில் ஒப்படைத்துவிட்டுப் போனார்கள்.

தை பத்தாம் தேதி இருவரும் மலையிறங்கி, பட்டா கொடுக்கும் அரசு அலுவலகத்துக்குப் போனார்கள். ஒவ்வொரு ஜோடியாகப் பெயர் கூப்பிட்டார்கள். இவர்கள் பெயர் வரவில்லை. மேசையிலிருந்த சதீஸ்குமார் என்ற எழுத்தர் ஒரு கடிதத்தை எடுத்துக் காட்டினார். 'என் கட்சிக்காரரின் பாதிப் பங்கைப் பாதுகாக்கும் பொருட்டு, வழக்கு முடியும் வரை பட்டா வழங்கக் கூடாது. இப்படிக்கு, சரிதா, வழக்கறிஞர்.'

"உங்க வக்கீலே நிறுத்தச் சொல்றாங்க. நான் இன்னா பண்றது?"

தேவயானிக்குக் கண் கலங்கிவிட்டது. பன்னிரண்டு வருடத்தில் வனத்துறை விரட்டியபோதுகூட அவள் அழுததில்லை. "எனுக்குப் பாதியக் காப்பாத்தறாங்களாம். முழுசையும் தொலைச்சிட்டாங்களே" என்றாள். வேடியப்பன், வழக்கு இருக்கிறது, பத்தடி தள்ளி நிற்க வேண்டும் என்பதையும் மறந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

மாசியில் இரண்டு வாய்தா, பங்குனியில் மூன்று. ஒன்றுக்கு நீதிபதி விடுப்பு, ஒன்றுக்கு பூபாலன் வேறொரு கருத்தரங்கில் 'விடுமுறையும் குடும்ப நலமும்' என்று பேசப் போயிருந்தார். இந்த முறை மேடையில் அவரே. புளி உலுக்கும் காலம் வந்தது. அவர்கள் மரத்தடியில் நிற்க வேண்டிய நாட்களில் நீதிமன்ற வேப்பமரத்தடியில் நின்றார்கள். பட்டா இல்லாத நிலத்து மரம் என்று வனக்காவலர் வந்து புளியைத் தொடக்கூடாது என்று வேறு சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

ஆறாவது வாய்தாவுக்குத் துரைக்கண்ணு தானும் வருகிறேன் என்று கிளம்பினார். கேடயத்தையும் பையில் போட்டுக்கொண்டார். "வூட்ல வச்சிக்கினு எனுக்குத் தூக்கம் வர்ல" என்றார்.

புதிதாக வந்திருந்த நீதிபதி மனுவை முதல் பக்கத்திலிருந்து படித்தார். இந்த வழக்கில் அதுவரை யாரும் அப்படிச் செய்ததில்லை.

"மனுதாரர் எந்த ஊர்?"

"நெல்லிவாசல் நாடுங்க. மலைங்க."

"பழங்குடியா?"

"ஆமாங்க அய்யா. சர்டிபிகேட் கீது."

நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். "மிஸ்டர் பூபாலன், நீங்க மனு போட்டிருக்கிற சட்டம் பழங்குடியினருக்குப் பொருந்தாதுன்னு அந்தச் சட்டத்தோட ரெண்டாவது பிரிவிலேயே எழுதியிருக்கு. இவங்களுக்கு இவங்க வழக்கம்தான் சட்டம். முதல் பக்கத்தைப் படிச்சீங்களா?"

"நான் கடைசிப் பக்கத்துலதான் கையெழுத்துப் போடுவேன், ஐயா" என்றார் பூபாலன், முப்பத்தொரு வருட அனுபவத்தின் கம்பீரத்தோடு.

நீதிபதி சரிதாவைப் பார்த்தார். அவள் தன் இருபத்திரண்டு பக்கத்தைப் பார்த்தாள்.

"இவங்க வழக்கப்படி யார் சொல்லணும்?"

துரைக்கண்ணு முன்னால் வந்தார். உள்ளே வரும்போதே வெற்றிலையைத் துப்பிவிட்டிருந்தார். "நான் சொல்லணுங்க. இவன் புருஷன், இவ பொண்டாட்டி. எங்க நாட்டு வழக்கப்படிதான் கட்டிக்கினாங்க, ஒரே வூட்லதான் பொழைக்கிறாங்க. சண்டை போடுவாங்க. வேற ஒண்ணும் இல்லீங்க."

அதை அப்படியே எழுதிக்கொண்டு நீதிபதி மனுவைத் தள்ளுபடி செய்தார். மூன்று மாத வழக்கு நாலு நிமிடத்தில் முடிந்தது. தேவயானி மட்டும் நகராமல் நின்றாள்.

"அய்யா, இப்ப எழுதினீங்களே, புருஷன் பொண்டாட்டி, ஒரே வூட்ல கீறாங்கன்னு. அந்தக் காயிதம் எங்களுக்கு ஒண்ணு கெடைக்குங்களா?"

"உங்களுக்குத்தானே அம்மா உத்தரவு" என்றார் நீதிபதி.

அது இரண்டு வரியைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருந்தது. அடியில் வக்கீல் கையெழுத்துக்குப் பதில் நீதிபதி கையெழுத்தே இருந்தது.

வெளியே பூபாலன் காத்திருந்தார். முகத்தில் வாட்டம் துளியும் இல்லை. "பாத்தியா வேடியப்பா? நம்ம நிறுவனம் கேஸ் போட்டதாலதானே ஒரு நீதிபதியே உங்களைச் சேர்ந்து வாழறாங்கன்னு எழுதிக் குடுத்தார்! வேற எந்த வக்கீல் இதைச் சாதிப்பான்?"

"நாங்க சேந்து வாழறப்பத்தான் சார் இவரு ஒங்க படியேறினாரு. நீங்கதான் பரணுக்கு அனுப்பனீங்க" என்றாள் தேவயானி. துரைக்கண்ணுவின் பையிலிருந்து கேடயத்தை எடுத்து அவர் கையில் வைத்தாள். "இத வூட்டுக்கு எடுத்துட்டுப் போங்க. எங்க வூட்ல இதுக்கு எடம் இல்ல. ஒங்க வூட்டுக்குத்தான் வேணும்."

சித்திரை கடைசியில் பட்டா வந்தது. அதில் வேடியப்பன், தேவயானி என்று இரண்டு பெயரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. அந்த வருடத்துப் புளி போனது போனதுதான். முதல் மழைக்குச் சாமை விதைத்தார்கள்.

அடுத்த பொங்கலுக்கு பூபாலன் மறுபடி ரஞ்சித்தை மலைக்கு அனுப்பினார். இந்த முறை மூன்று ஜோடி வேண்டும் என்றார். உண்மையில் பிரிந்த ஜோடி ஒன்று அவருடைய அலுவலகத்திலேயே இருந்தது. தலைப்பொங்கலுக்கு மாப்பிள்ளை வராத கோபத்தில் வாணியம்பாடிக்குப் போன ரஞ்சித்தின் மனைவி இன்னும் திரும்பவில்லை. ஆனால் ஊழியர்களின் குடும்ப விஷயத்தில் நிறுவனம் தலையிடுவதில்லை என்பது பூபாலனின் கொள்கை.

ரஞ்சித்தின் ஜீப் வளைவில் ஏறும் சத்தம் கேட்டதும் துரைக்கண்ணு ஊருக்குள் ஒரு குரல் கொடுத்தார். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து வந்து நின்றார்கள். ரஞ்சித் வீடு வீடாகக் கேட்டான். சண்டையா? சண்டை என்றால் என்ன என்று கேட்டார்கள்.

வேடியப்பன் அன்று காலைதான் எருதை மறுபடி அக்கா வீட்டுக்கு ஓட்டி விட்டிருந்தார். தேவயானி அடிக்குரலில், "சிரிய்யா, வக்கீல் பாக்கறான்" என்று சொல்லி ஒரு சொம்புத் தண்ணீரை அவர் கையில் கொடுத்தாள். இருவரும் ரஞ்சித்தைப் பார்த்துச் சிரித்தார்கள். அவன் ஏங்கிப் போய் அந்தச் சிரிப்பைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றான், பிறகு கிளம்பினான்.

அந்த வருடத்து அறிக்கையில் பூபாலன் எழுதினார்: 'நமது நிறுவனத்தின் இடைவிடாத சமூக ஈடுபாட்டின் பயனாக நெல்லிவாசல் நாட்டில் குடும்பச் சண்டை அறவே ஒழிக்கப்பட்டது.'

ஜீப் வளைவு திரும்பி இறங்கியதும் தேவயானி சொம்பைப் பிடுங்கிக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தாள்.